படகு முதலில், மோட்டார் பிறகு: வாசகர் கேள்வி–பதில்

சிறு படகில் மின்மோட்டார் பூட்டித் தூண்டில் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். கீழே உள்ள கணக்குகள் ஏரி, அணை நீர்த்தேக்கம், மெதுவாக ஓடும் ஆறு ஆகியவற்றுக்கானவை. திறந்த கடலுக்கு இந்த அளவுப் படகும் மோட்டாரும் ஆகாது.

கேள்வி: நாங்கள் இரண்டு பேர். 12 அடி அலுமினியப் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். 30 பவுண்டு உந்துவிசை தரும் மோட்டாரே தாராளம் என்கிறார் ஒருவர். 55 பவுண்டுக்குக் கீழே தொடவே கூடாது என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

பதில்: முதலில் மொத்த எடையைக் கூட்டுங்கள். இரண்டு பேர் 150 கிலோ, படகு 70, ஈய-அமில பேட்டரி 28, மோட்டார் 12, நங்கூரம், தூண்டில் பெட்டி, ஐஸ் பெட்டி எல்லாமாக 30. ஆக 290 கிலோ. மொத்த எடையில் 2 சதவீதம் உந்துவிசை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 5.8 கிலோ, அதாவது சுமார் 13 பவுண்டு போதும். 30 பவுண்டு என்றவர் இதைத்தான் சொல்லியிருப்பார். காற்று அசையாத காலை வேளையில் அது உண்மையும்கூட.

காற்று எழும்பியதும் கணக்கு மாறிவிடும். உட்கார்ந்திருக்கும் இருவரும் படகின் முகப்பும் சேர்ந்து ஏறத்தாழ 1.2 சதுர மீட்டர் பரப்பில் காற்றை வாங்குகிறீர்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் அது உங்களை 5 கிலோ விசையோடு, அதாவது 11 பவுண்டுக்குப் பின்னுக்குத் தள்ளும். 40 கி.மீ. காற்று என்றால் 20 பவுண்டு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். சிற்றலைகள் முகப்பில் மோதுவதால் வரும் இழப்பு தனி.

இன்னொன்றும் உண்டு. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பவுண்டு எண், படகைக் கட்டிவைத்து அளந்த இழுவிசை. படகு நகரத் தொடங்கியதும் புரொப்பல்லர் தரும் விசை குறைந்துகொண்டே போகும். எனவே 13-ஐயும் 20-ஐயும் கூட்டி 33 என்று வாங்கினால், காற்றடிக்கும் நாளில் கைப்பிடியைக் கடைசிவரை திருகியும் படகு ஊர்ந்துதான் போகும். உங்கள் எடைக்கு 12 வோல்ட், 45 முதல் 55 பவுண்டு வரை வாங்குங்கள். அதைப் பெரும்பாலும் பாதி வேகத்தில் ஓட்டப்போகிறீர்கள். மீதிப் பாதி திரும்பி வரும் நேரத்துக்கு.

கேள்வி: 55 பவுண்டில் படகு மணிக்கு 7 கி.மீ.தான் போகிறது. 24 வோல்ட், 80 பவுண்டுக்கு மாறினால் 12 கி.மீ. போகுமா?

பதில்: போகாது. ஒரு கி.மீ. கூடினாலே பெரிது.

நீரைக் கிழித்துப் போகும் படகு தானே ஒரு அலையை எழுப்பி, அதன் முதுகில் ஏற முடியாமல் தவிக்கும். அந்த எல்லையைப் படகின் நீளம்தான் தீர்மானிக்கிறது. நீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் கிடைக்கும். 12 அடிப் படகு நீரில் 3.3 மீட்டர் படியும் என்று வைத்தால் 4.4 நாட், அதாவது மணிக்கு 8.2 கி.மீ. அதற்கு மேல் தள்ளப்படும் ஒவ்வொரு வாட்டும் அலையை உயர்த்தவும் பின்பக்கத்தை நீரில் அமிழ்த்தவுமே செலவாகும். போதாக்குறைக்கு, இந்த வகை மோட்டார்களின் புரொப்பல்லர் மெதுவான வேகத்தில் அதிக இழுவை தரும்படி வடிவமைக்கப்பட்டது. வேகத்துக்கு அது ஏற்றதே அல்ல.

நீரின் மேல் ஏறிச் சறுக்கி ஓட வேண்டுமானால் உங்கள் எடைக்கு 5 கிலோவாட்டாவது வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி முழுதாகக் கொடுப்பதே 1.28 கிலோவாட்-மணி. கால் மணி நேரத்தில் தீர்ந்துபோகும். வேகம்தான் வேண்டும் என்றால் நீளமான, ஒடுக்கமான படகைத் தேடுங்கள். மோட்டாரை மாற்றுவதில் பயனில்லை. 24 வோல்ட்டுக்கு மாற வேறு நல்ல காரணங்கள் உண்டு: அதே வேலைக்குப் பாதி ஆம்பியர், மெல்லிய கேபிள், குறைந்த சூடு. மொத்த எடை 450 கிலோவைத் தாண்டினால் அதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: தட்டை அடியா, கூம்பு அடியா? அலுமினியமா, ஃபைபரா? விளக்கமாகச் சொல்லுங்கள். எழுந்து நின்று வீசுவது என் வழக்கம்.

பதில்: தட்டை அடிப் படகு 10–15 செ.மீ. ஆழம் இருந்தாலே மிதக்கும், ஒரு பக்கம் நடந்தாலும் சட்டென்று சாயாது. கரையோர நாணலுக்குள் புகுந்து மீன் பிடிக்க அதைவிட வசதியானது இல்லை. ஆனால் 20 செ.மீ. அலை வந்தாலே அடிப்பலகை ‘தப், தப்’ என்று அறையும். முழங்காலுக்குக் கீழே எல்லாம் நனையும். மோசமான குறை பக்கக்காற்றில்தான் தெரியும். நீருக்குள் பிடிமானம் இல்லாததால் படகு பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போகும். முழுக் கூம்பு அடி அலையை வெட்டும், நேராக ஓடும். ஆனால் நின்றால் ஆடும், ஆழமாக அமிழும், தள்ளுவதற்கும் கூடுதல் விசை கேட்கும்.

நின்று வீசுபவருக்கு எங்கள் தேர்வு அரைக்கூம்பு: முகப்பில் கூம்பு, நடுவிலிருந்து பின்னால் போகப்போகத் தட்டை. நீளம் 3.6 முதல் 4.2 மீட்டர். மேல் அகலத்தைவிட அடி அகலத்தைப் பாருங்கள். விளம்பரங்களில் வருவது மேல் அகலம்தான்; காலடியில் ஆட்டத்தைத் தடுப்பது அடி அகலம். அது 1.1 மீட்டருக்குக் குறைந்தால் நின்று வீச வேண்டாம். தட்டை அடிதான் கிடைக்கிறது என்றால், அடியில் நீளவாக்கில் 3 செ.மீ. உயரத்துக்கு இரண்டு மூன்று விலாப்பட்டைகள் உள்ளதை எடுங்கள். பக்கச் சறுக்கலை அவை கணிசமாகக் குறைக்கும்.

பொருளைப் பொறுத்தவரை, மின்மோட்டாருக்கு எடைதான் எதிரி என்பதால் அலுமினியம் முந்துகிறது. ரிவெட் அடித்த படகில் தகடு 1.3 முதல் 1.6 மி.மீ., வெல்டிங் செய்ததில் 2 மி.மீ. இருக்க வேண்டும். அதன் குறை சத்தம். ஈயக்குண்டு ஒன்று அடியில் விழுந்தால் நீருக்குள் மணியடித்த மாதிரிதான். தரையில் ஈவிஏ நுரை விரிப்பை ஒட்டிவிடுங்கள். செம்புக் கலவை மருந்து ஏற்றிய பலகையைத் தரைக்குப் போடாதீர்கள். ஈரத்தில் அது அலுமினியத்தைத் துளைத்துவிடும். பேட்டரியின் எதிர்முனையைப் படகின் உடலோடு இணைப்பதும் அதே கேட்டைத்தான் கொண்டுவரும். ஃபைபர் வழுக்கலாக ஓடும், அமைதியானது, ஓட்டை விழுந்தால் வீட்டிலேயே அடைக்கலாம், ஆனால் அதே அளவு அலுமினியப் படகைவிடக் கனம் கூடும். வார்ப்புப் பிளாஸ்டிக் எந்தப் பாறைக்கும் அஞ்சாது, அதைவிடவும் கனம்.

கேள்வி: மூன்றாவதாக ஒருவரை ஏற்றலாமா?

பதில்: தயாரிப்பாளரின் எடைத் தகடு படகில் இருந்தால் அதுதான் முடிவு. இல்லாவிட்டால், 6 மீட்டருக்குக் குறைந்த சாதாரணப் படகுக்கு நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் பெருக்கி 1.4-ஆல் வகுங்கள். 3.6 × 1.4 என்றால் 3.6 வரும், மூன்று பேர். இது அமைதியான நீரில் உட்கார்ந்து போவோருக்கான எண்ணிக்கை. யாராவது நின்று வீசுவார்கள் என்றால் ஒருவரைக் கழித்துவிடுங்கள். பேட்டரியும் மோட்டாரும் எடைக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். எத்தனை பேராக இருந்தாலும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், உடலில் போட்டபடி. இருக்கைக்கு அடியில் மடித்து வைத்தால் அது மெத்தை மட்டுமே.

கேள்வி: பழைய லாரி பேட்டரி ஒன்று நல்ல நிலையில் சும்மா இருக்கிறது. 55 பவுண்டு மோட்டாருக்கு அதையே வைத்துக்கொண்டால் என்ன? லித்தியம் அவ்வளவு அவசியமா?

பதில்: வைத்தால் ஓடும், சில டஜன் தடவை. எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி சில வினாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. அதை ஆழமாக வடியவிட்டால் தகட்டில் உள்ள ஈயப் பசை உதிர்ந்து அடியில் படியும். உங்களுக்குத் தேவை ஆழ வடிப்புக்கு ஏற்ற ‘டீப் சைக்கிள்’ பேட்டரி.

55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் ஒரு பவுண்டுக்கு ஓர் ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். ஈய-அமில பேட்டரியின் மேல் உள்ள 100 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரத்துக்குத் தொடர்ந்து 5 ஆம்பியராக எடுத்தால் கிடைப்பது. 50 ஆம்பியராக இழுத்தால் 60, 65-தான் தேறும். நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் வடியவிடவும் கூடாது. ஆக முழு வேகத்தில் முக்கால் மணி நேரம் ஓட்டினாலே அதன் ஆயுள் தேயத் தொடங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதே 100-இல் 90-ஐ எந்த வேகத்திலும் கொடுக்கும், எடை 11 முதல் 13 கிலோ. சுமார் 15 கிலோ குறைகிறது. படகை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கரையேற்றுபவருக்கு அதன் அருமை உடனே புரியும்.

லித்தியத்தில் மூன்று இடங்களில் ஏமாறுகிறார்கள். ஒன்று, உள்ளே இருக்கும் காப்புச் சுற்று. 50 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது பெரும்பாலும் 50 ஆம்பியரோடு துண்டித்துவிடும். 55 பவுண்டு மோட்டாரை முழுசாகத் திருகினால் எதிர்க்காற்றின் நடுவே மோட்டார் செத்துப்போகும். தொடர்ச்சியாக 100 ஆம்பியர் தாங்கும் சுற்று உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு, வோல்ட்மீட்டர். ஈய-அமிலத்தில் ஓய்வு நிலையில் 12.7 முழுசு, 12.2 பாதி என்று படிக்கலாம். லித்தியம் நெடுநேரம் 13.2-ஐ ஒட்டியே நின்றுவிட்டு முன்னறிவிப்பின்றி அணையும். எடுத்த ஆம்பியரை எண்ணிக் காட்டும் ஷண்ட் மீட்டர் வையுங்கள். மூன்று, சார்ஜர். 14.2 முதல் 14.6 வோல்ட்டில் நிறுத்தும் லித்தியம் சார்ஜர்தான் சரி. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது.

ஓடும் நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. மணிக்கு 7 கி.மீ.க்கு 50 ஆம்பியர் கேட்கும் படகு 4 கி.மீ.க்கு 12 ஆம்பியரோடு திருப்தி அடையும். 90 ஆம்பியர்-மணியில் முதல் வேகத்தில் 12 கி.மீ. சொச்சம், இரண்டாவதில் காற்றில்லாத நீரில் 30 கி.மீ. போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது உதவும். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்புங்கள். இரண்டு துடுப்புகள் எப்போதும் படகில் இருக்கட்டும். ‘மோட்டார்தான் இருக்கிறதே’ என்று அவற்றை வீட்டில் விட்டுவிட்டு வருபவர்களைத்தான் கயிறு கட்டி இழுத்துவர வேண்டியிருக்கிறது.

கேள்வி: 5 வேகக் கைப்பிடி உள்ள மோட்டார் விலை குறைவாக இருக்கிறது. படியில்லாமல் திருகும் வகை தேவையா?

பதில்: தேவை. 5 வேக வகையில் குறைந்த வேகங்களுக்கு மின்தடைச் சுருள் போட்டு மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிப்பார்கள். படியில்லாத வகை மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டிவெட்டி அனுப்புவதால், மெதுவாகப் போகும்போது உண்மையிலேயே சேமிக்கும். நீங்கள் பெரும்பாலும் மெதுவாகத்தானே போவீர்கள்?

கேள்வி: அரை மணி ஓட்டினால் கேபிள் சுடுகிறது. பிளக் ஒரு பக்கம் உருகியே விட்டது. பேட்டரியை முன்னால் வைத்ததால் 3 மீட்டர் கேபிளை நானே நீட்டினேன். மோட்டாரில் கோளாறா?

பதில்: மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரியை முன்னால் வைத்தது சரி. நீட்டிய கேபிள்தான் மெல்லியது. 3 மீட்டர் என்றால் போக வர 6 மீட்டர் செம்பு. 6 சதுர மி.மீ. கேபிளில் 50 ஆம்பியர் ஓடினால் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும், 44 வாட் வெப்பம். 10 சதுர மி.மீ. என்றால் 0.5 வோல்ட். 16 என்றால் 0.33. உங்களுக்கு 16. வெள்ளீயம் பூசிய செம்பு கிடைத்தால் இன்னும் நல்லது, பச்சை பூக்காது.

பிளக் உருகியதற்குக் காரணம் தளர்ந்த இணைப்பு. 0.01 ஓம் தடை அங்கே இருந்தாலும் 50 ஆம்பியரில் 25 வாட். ஒரு சிறு சால்டரிங் இரும்பின் சூடு. வீட்டு மின்சாரப் பிளக், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இரண்டையும் தூக்கிப் போடுங்கள். கேபிள் முனையில் அழுத்திப் பிடித்த லக் (உலோகக் காது), அதன் மேல் வெப்பத்தில் சுருங்கும் குழாய், 50 ஆம்பியருக்கு மேல் தாங்கும் பிளக். பேட்டரி முனையில் கையால் திருகும் இறக்கை நட்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு, அதிர்வில் கழலாத நைலான் நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள். நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் பிரேக்கர் கட்டாயம் வேண்டும். புரொப்பல்லரில் பாசி சுற்றி மோட்டார் நின்றுபோனால் ஆம்பியர் எகிறும். அப்போது துண்டிப்பது அது ஒன்றுதான்.

கேள்வி: தனியாகப் போனால் முகப்பு வானத்தைப் பார்க்கிறது. மோட்டார் தண்டு எவ்வளவு நீளம் வாங்குவது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள், மோட்டார், பேட்டரி மூன்றும் பின்பக்கம் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். தூக்கிய முகப்பைக் காற்று பாய்போலப் பிடித்துத் திருப்பும். அமிழ்ந்த பின்பலகை நீரை இழுத்துக்கொண்டு வரும். பேட்டரியை முகப்புப் பக்கம் கொண்டுபோய் வாரால் கட்டுங்கள். நங்கூரமும் அங்கேயே. கைப்பிடிக்கு 50–60 செ.மீ. நீட்டிப்புக் குழாய் போட்டு, நடு இருக்கைக்கு நகர்ந்து உட்காருங்கள். நங்கூரத்தை எப்போதும் முகப்பில்தான் கட்ட வேண்டும். பின்பலகையில் கட்டினால் அலை உள்ளே ஏறிப் படகை நிரப்பிவிடும். கயிறு ஆழத்தைப் போல 5 முதல் 7 மடங்கு.

தண்டுக்கு, ஆட்களும் சாமான்களும் ஏறிய நிலையில் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம்வரை அளந்து 50 செ.மீ. கூட்டுங்கள். 25 செ.மீ. என்றால் 76 செ.மீ. தண்டு, 40 என்றால் 91. குட்டையானால் புரொப்பல்லர் காற்றை உறிஞ்சி, சத்தம்தான் வரும், படகு நகராது.

கேள்வி: மாடி வீடு, படகு வைக்க இடமில்லை. காற்றடைக்கும் படகு தாங்குமா?

பதில்: தாங்கும், 0.9 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்த பிவிசி, மரப் பின்பலகை, உறுதியான தரை உள்ளதாக இருந்தால். சட்டம் மாட்டி மோட்டார் தொங்கவிடும் விளையாட்டுப் படகு வேண்டாம். பக்கக் குழாய்களுக்கு 0.25 பார், காற்றடைக்கும் தரைக்கு 0.7 பார் என்பது வழக்கமான அளவு. உங்கள் படகில் எழுதியிருப்பதே இறுதி. காலை 25 டிகிரியில் சரியாக அடைத்த குழாய், கரையில் வெயிலில் 45 டிகிரியைத் தொட்டால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு ஏறும். தையல் பிரிவது அப்போதுதான். கரையில் நிற்கும்போது கொஞ்சம் இறக்கிவிட்டு, நீரில் விட்டுக் குளிர்ந்ததும் மறுபடி அடையுங்கள். மீனின் துடுப்பு முட்களும் குழாயைக் குத்தும். பிடித்ததை உடனே பெட்டிக்குள் போடுங்கள். எடை குறைவாதலால் காற்று இழுத்துப் போகும். 3 மீட்டர் படகுக்கு 40–45 பவுண்டுக்கு மேல் வேண்டாம். பின்பலகைத் தகட்டில் உள்ள வரம்பையும் பாருங்கள்.

கேள்வி: பழைய படகு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: தண்ணீரைப் படகுக்கு உள்ளே ஊற்றிப் பாருங்கள். கட்டைகளின் மேல் ஏற்றி, 10 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி அரை மணி விட்டால், கசியும் ரிவெட் ஒவ்வொன்றும் வெளியே தானாகக் காட்டிக்கொடுக்கும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து என்றால் அடைக்கலாம். ஒரு வரிசையே கசிந்தால் விட்டுவிடுங்கள். அதற்கும் அதிகமாக நீர் ஊற்றினால் எடையில் அடித்தகடு வளையும், ஜாக்கிரதை. அடுத்து, மோட்டாரைப் பின்பலகையில் மாட்டி அதன் காலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பலகை வளைந்து கொடுத்தால் உள்ளே மரம் இற்றிருக்கிறது. சுத்தியலின் பிடியால் தட்டினால் நல்ல மரம் ‘டக்’ என்னும், இற்றது மந்தமாக ஒலிக்கும். கடைசியாக இருக்கைகளுக்கு அடியில் உள்ள மிதவை நுரை. படகு சொன்ன எடையைவிட 15, 20 கிலோ கூடினால் நுரை நீர் குடித்திருக்கிறது, அதை மாற்ற வேண்டும். 70 கிலோ அலுமினியப் படகு நீர் நிரம்பினாலும் மூழ்காமலிருக்க, மோட்டார் பேட்டரியோடு சேர்த்து 120 முதல் 150 லிட்டர் நுரை இருந்தால் நிம்மதி.

கேள்வி: கழிமுகத்தில் ஓட்டலாமா?

பதில்: உப்புநீருக்கென்று செய்த மோட்டாராக இருந்தால். நன்னீருக்கு மெக்னீசியம், கலப்பு நீருக்கு அலுமினியம், கடல்நீருக்குத் துத்தநாகம் என்று பலியுலோகத்தை (மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிபடும் துண்டு) மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவுங்கள்.

கேள்வி: புது மோட்டார், ஒரு பருவம் கூட ஆகவில்லை, உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. எங்கும் மோதவில்லை. எப்படி?

பதில்: பெரும்பாலும் தூண்டில் நரம்புதான். அறுந்து மிதக்கும் நரம்பைப் புரொப்பல்லர் சுற்றி இழுத்து, புரொப்பல்லரின் அச்சுத் தண்டுக்கும் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலுக்கும் இடையே செருகும். பின்னல் நரம்பு அங்கே அரத்தைப் போல ரப்பரை அறுத்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. மாதம் ஒருமுறை பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, புரொப்பல்லர் நட்டைத் திருகி எடுத்து, புரொப்பல்லரைத் தண்டோடு பிணைக்கும் பின்னை உருவி, சுற்றியிருப்பதைக் கத்தியின்றிப் பிரித்தெடுங்கள். கத்தி பட்டால் அந்தச் சீலும் போச்சு. பின் வளைந்திருந்தால் மாற்றுங்கள். மாற்றுப் பின், நட்டு, ஸ்பேனர் மூன்றையும் படகிலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள். பாசி மிகுந்த நீரில் ஓட்டுகிறீர்கள் என்றால் 3 இதழ் புரொப்பல்லருக்குப் பதில் பின்னோக்கிச் சரிந்த 2 இதழ் வகை போடுங்கள். இழுவை சிறிது குறையும், ஆனால் செடிகள் வழுக்கிப் போகும்.